மாலென் வீட்டுத் தூக்கு

"இன்னைக்கும் யாரும் வரலையாம்மா?"

யோருன் படுக்கையிலிருந்தபடியே கேட்டாள். குன்வோர் அடுப்புக்குள் விறகைத் திணித்துக்கொண்டே, "மழை இந்தக் கொட்டு கொட்டுது, யார் வருவா?" என்றாள்.

"நேத்து மழை இல்லையே."

"நேத்து எல்லார் வீட்டுலயும் ஆடு வெட்டினாங்க. கையெல்லாம் ரத்தமா இருக்கறப்ப கூழ் கிண்டுவாங்களா?"

"முந்தாநாள்?"

குன்வோர் அடுப்புக் கதவைப் படாரென்று சாத்தினாள். "எனக்கென்னடி தெரியும்! ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் போய் நின்னு ஏன் வரலைன்னு கேக்கவா?"

தொட்டிலில் குழந்தை சிணுங்கியது. யோருன் அதை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். பால் சரியாகச் சுரக்கவில்லை. குழந்தை சப்பிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பி அழுதது. அவள் சாப்பிட்டால்தானே சுரக்கும். மீன் வைத்தால் மீன் அப்படியே இருந்தது, உருளைக்கிழங்கு வைத்தால் அதுவும் அப்படியே இருந்தது. வாசலில் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள்.

கடல் மலைகளுக்கு நடுவே குறுகி உள்ளே வரும் எங்கள் பக்கத்தில், பிள்ளை பிறந்த வீட்டுக்கும் சாவு விழுந்த வீட்டுக்கும் கூழ் வரும். புளித்த பாலாடையைக் காய்ச்சி, மாவு தூவி, நெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை கிண்டிய கூழ். ஒவ்வொரு வீட்டுக்கும் அதற்கென்றே மூடி போட்ட மரத்தூக்கு ஒன்று இருக்கும். பூ வரைந்து, அடியில் அந்த வீட்டின் அடையாளத்தைச் சூட்டுக்கோலால் பொறித்திருப்பார்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒருவரையொருவர் அழைத்தே தீரவேண்டிய வீடுகள் ஒரு வட்டம். கூழ் கொண்டு வருவதும் அந்த வட்டம்தான், நாளைக்குச் சவப்பெட்டியைத் தோளில் தூக்குவதும் அதே வட்டம்தான். கல்யாணம் ஆகாமல் பெற்ற வேலைக்காரிக்கும் கூழ் வந்திருக்கிறது. கூழ் வராத பிள்ளை என்று ஒன்றை அதுவரை எங்கள் பக்கத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் அது போர் முடிந்த வருஷம். ஐந்து வருஷம் எங்கள் நாட்டைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மன்காரர்கள் அப்போதுதான் தோற்றிருந்தார்கள். யோருனின் பிள்ளைக்குத் தகப்பன் ஜெர்மன்காரன். கடற்கரைப் பீரங்கி முகாமில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தவன். கோடையில் மற்றவர்களோடு அவனையும் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். சமாதானம் வந்த அன்று ஊர்ப் பையன்கள் யோருனைப் பிடித்து, சாலையோரம் பால் கேன் வைக்கும் மேடையில் உட்கார வைத்து, ஆட்டு மயிர் கத்தரிக்கிற கத்தரியால் தலையை மொட்டை அடித்தார்கள். முடி இப்போது இரண்டு விரற்கடைதான் வளர்ந்திருந்தது. தலைக்குட்டையை மட்டும் அவள் வீட்டுக்குள்ளும் அவிழ்ப்பதில்லை.

அவளுடைய அப்பா ஹால்வர் அந்த அறைக்குள் காலே வைக்கவில்லை. ஜன்னலோர பெஞ்சில் உட்கார்ந்து வலை பின்னினார். பேரன் பிறந்துவிட்டான் என்று மருத்துவச்சி வந்து சொன்னபோதுகூட, "ம்" என்று சொல்லிவிட்டு அடுத்த முடிச்சைப் போட்டார்.

மழை விட்ட காலையில் குன்வோர் பால் கேனைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு இறங்கினாள். லாரி வரும்வரை கேன்களை வைக்கும் மேடை அது. மூன்று நான்கு பெண்கள் நின்றிருந்தார்கள். பெர்கித்துக்கு எப்போதும் வாய் சும்மா இருக்காது.

"வா குன்வோர். பேரன் எப்படி இருக்கான்? இப்பவே கால் தூக்கிச் சிப்பாய் நடை போடறானாமே?"

மற்றவர்கள் தலையைக் குனிந்து சிரித்தார்கள்.

"பசிக்குது அவனுக்கு. பசிச்சா எல்லாப் பிள்ளையும் காலைத்தான் உதைக்கும். உன் பிள்ளைங்க உதைக்கலையா?"

"எங்க பிள்ளைங்களுக்கு நம்ம கூழ் ஒத்துக்கும். இவனுக்கு எப்படியோ. முட்டைக்கோஸ் ஊறுகாய் போட்டுப் பாரேன், அதான் அவன் அப்பன் ஆளுங்களுக்குப் பிடிக்குமாம்."

குன்வோர் கேனை மேடையில் நங்கென்று வைத்தாள். "உன் பிள்ளைங்க ஒண்ணொண்ணுக்கும் நான் கொண்டு வந்த கூழை வழிச்சு வழிச்சு நக்கினியே பெர்கித். அப்ப இந்த வாய் வேற வேலையா இருந்துச்சு."

மேடைக்கு நேர் மேலே, சரிவில் மாலென் வீடு. மாலென் படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. குன்வோர் நிமிர்ந்து பார்த்ததும் திரும்பி உள்ளே போய்விட்டாள்.

மாலெனுக்கு ஒரே மகன், சீவெர்ட். ரகசியமாக வானொலி வைத்திருந்தான் என்று ஜெர்மன்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் நாட்டில் ஏதோ ஒரு முகாமில் செத்துப்போனான் என்று போன குளிர்காலத்தில் செய்தி மட்டும் வந்தது, உடல் வரவில்லை. சீவெர்ட்டும் யோருனும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள்.

அதே குளிர்காலத்தில்தான் ஹால்வரின் அம்மா இறந்திருந்தாள். அந்தச் சாவுக்கு மாலென் கூழ் கொண்டு வந்தாள். தூக்கைத் திருப்பிக் கொடுப்பதற்குள் சீவெர்ட்டைப் பற்றிய செய்தி வந்துவிட்டது. வாங்கிய தூக்கை வெறுமனே திருப்பக் கூடாது. ரொட்டியோ பாலாடைக்கட்டியோ எதையாவது வைத்துத்தான் தர வேண்டும். மகனைப் பறிகொடுத்தவளிடம் இனிப்பு ரொட்டி வைத்த தூக்கை எப்படி நீட்டுவது என்று குன்வோர் தள்ளிப்போட்டாள். பிறகு யோருனின் விஷயம் வெளியே வந்தது. தூக்கு நிலவறை அலமாரியிலேயே தங்கிவிட்டது.

மேடையிலிருந்து திரும்பிய குன்வோர் நேராக நிலவறைக்கு இறங்கினாள்.

கேனுக்குப் போகவேண்டிய பாலிலிருந்து அகப்பை அகப்பையாக எடுத்துச் சேர்த்திருந்த ஏடு அங்கே புளித்துக் கிடந்தது. கோதுமை மாவு ரேஷன் கூப்பனுக்குத்தான் கிடைக்கும். கிறிஸ்துமஸுக்கென்று ஒளித்து வைத்ததை எடுத்தாள். யோருன் கண்ணயர்ந்த நேரம் பார்த்துக் கிண்டினாள். மாலென் வீட்டுத் தூக்கைக் கொதிநீர் ஊற்றிக் கழுவி, கூழை அதில் ஊற்றி, நெய்யை மேலே வார்த்து மூடினாள். சால்வையைப் போர்த்திக்கொண்டு பின்கதவால் வெளியேறினாள்.

மாட்டுக்கொட்டகையைச் சுற்றி, பிர்ச் மரங்களுக்குள் ஏறி, சேற்றில் வழுக்கி இறங்கி, முன்வாசலுக்கு வந்தாள். கதவைத் தட்டினாள். பிறகு தானே திறந்துகொண்டு சத்தமாகப் பேசினாள்.

"அட, மாலெனா! வா வா! இந்தச் சேத்துல எதுக்கு நீ…"

கொஞ்சம் நிறுத்தினாள். வாசலில் ஈரக் கோழி ஒன்று நின்று அவளைப் பார்த்தது.

"உள்ள வர மாட்டியா? சரி சரி, ஆட்டுக்கறி உப்புல கிடக்குதா, நீ போ. தூங்கறா. நான் சொல்றேன். ரொம்ப நன்றி மாலென்!"

கதவைச் சாத்தித் திரும்பினாள். ஹால்வர் வலையைக் கையில் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். குன்வோரின் பாவாடையெல்லாம் சேறு.

"வாயைத் திறந்தீங்கன்னா பாருங்க," என்றாள் மெதுவாக.

அவர் வலைக்குக் குனிந்துகொண்டார்.

யோருன் எழுந்து உட்கார்ந்திருந்தாள். தூக்கின் மூடியிலிருந்த நீலப் பூவை விரலால் தடவினாள். "மாலென் அத்தையா?"

"கேட்டுச்சுல்ல? முதல் கூழே மாலென் வீட்டுக் கூழ். இனி மத்தவங்க வராம எங்க போவாங்க? சாப்பிடு."

அவள் ஒரு கரண்டி வாயில் வைத்தாள். விழுங்கினாள். தலையைத் தூக்காமல் அடுத்த கரண்டி, அதற்கடுத்து. குன்வோர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றாள். பாதித் தூக்கு காலியானதும் யோருன் கரண்டியை நக்கிவிட்டுச் சொன்னாள்:

"தூக்கை நானே கொண்டு போய்க் கொடுக்கறேன்மா."

"நீயா? எதுக்கு? உனக்கு இன்னும் உடம்பு…"

"பெத்தவதானே கொண்டு போய்க் கொடுக்கணும். அதானே முறை."

"நான் கொடுத்துக்கறேன்."

"இல்லம்மா. நான்தான்."

அன்று மாலை குழந்தைக்குப் பால் சுரந்தது. குன்வோருக்குத்தான் சோறு தண்ணி இறங்கவில்லை. மறுநாள் யோருனுக்குத் தெரியாமல் மாலென் வீட்டுக்குப் போனாள்.

மாலென் வெளிக்கொட்டகையில் ஆட்டு விலா எலும்புகளுக்கு உப்புத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரை உப்பு. விரல்கள் வெடித்துச் சிவந்திருந்தன. ஆள் வந்தது தெரிந்தும் நிமிரவில்லை.

"மாலென், ஒரு விஷயம்."

"சொல்லு. காது உப்புல இல்லை."

குன்வோர் சொன்னாள். கூழ், தூக்கு, வாசலில் பேசியது எல்லாவற்றையும். மாலென் ஒரு விலாவைப் பீப்பாய்க்குள் அடுக்கிவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"என் தூக்குல."

"ஆமா."

"என் பேரைச் சொல்லி."

"அவ சாப்பிடவே இல்லை மாலென். பிள்ளைக்குப் பால் இல்லை. எனக்கு வேற வழி தெரியலை."

"பெர்கித் பேரைச் சொல்றதுதானே?"

"பெர்கித் தூக்கு என்கிட்ட இல்லையே."

மாலெனின் உதடு ஒரு பக்கம் இழுத்தது. சிரிப்பு வந்ததோ என்று குன்வோர் நினைத்தாள். வந்திருந்தாலும் அது நிற்கவில்லை.

"இப்ப என்கிட்ட என்ன கேக்கறே?"

"அவ தூக்கைக் கொண்டு வருவா. நீ ஒண்ணும் பேச வேணாம். வாங்கி மட்டும் வெச்சுக்கோ. நல்லா இருந்துச்சான்னு கூடக் கேக்க வேணாம்."

"என் வீட்டுலேருந்து அந்தப் பிள்ளைக்குக் கூழ் வந்துச்சுன்னு ஊரு பேசணும். நான் வாயை மூடிட்டு நிக்கணும்."

"ஊருக்குத் தெரிய வேண்டாம். அவளுக்கு மட்டும்…"

"குன்வோர்." மாலென் இப்போதுதான் நிமிர்ந்தாள். "என் சீவெர்ட்டுக்கு யாருடி கூழ் கொண்டு வந்தீங்க?"

குன்வோர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"பெட்டி இல்லை, குழி இல்லை. அதனால சாவும் இல்லைன்னு விட்டுட்டீங்க. பாதிரி வந்தாரு. காப்பி குடிச்சாரு. போனாரு. ஒரு தூக்கு? ஒரே ஒரு தூக்கு இந்தப் படியில ஏறிச்சா? உன் மாமியார் தொண்ணூறு வயசு வாழ்ந்து செத்தா, அவளுக்கு நான் கொண்டு வந்தேன். அந்தத் தூக்கே உன் வீட்டுலதான் இருக்கு."

"எப்படி உன் முகத்துல முழிக்கறதுன்னு…"

"தெரியலை. ஆமா. இப்ப மட்டும் தெரிஞ்சுதாக்கும்." உப்பை அள்ளி விலாவில் அறைந்தாள். "வரட்டும் உன் மக. வாசல்ல நிக்க வெச்சுச் சொல்றேன், அது யார் கிண்டின கூழுன்னு. கீழே மேடையில எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

குன்வோர் வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. நேராகப் போய் மகளின் படுக்கையில் உட்கார்ந்தாள்.

"யோருன், அந்தக் கூழு…"

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"மாலென் அத்தை கூழு புளிப்புல தாடையை இறுக்கிப் பிடிக்கும். இது நம்ம சட்டி. ஒரு பக்கம் அடி பிடிச்ச வாசம், முதல் கரண்டியிலயே தெரிஞ்சுபோச்சு." குழந்தையின் கால் விரலை நீவிவிட்டாள். "அதோட, மாலென் அத்தை ஒரு வாசல்ல வந்து நின்னு வாயைத் திறக்காமப் போனதை நான் பார்த்ததே இல்லை."

"பின்ன ஏண்டி சாப்பிட்டே?"

"உன் பாவாடையைப் பார்த்தேன். மரத்துக்குள்ள போய்ச் சுத்தி வந்திருக்கே."

குன்வோர் முகத்தைச் சால்வையில் புதைத்துக்கொண்டு அழுதாள். பிறகு மாலென் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். சீவெர்ட்டுக்குக் கூழ் போகாததைச் சொன்னபோது யோருனின் கை குழந்தையின் காலிலேயே நின்றுவிட்டது.

"யாருமே போகலையா?"

"யாரும் போகலை."

"நாமும்?"

"நாமும்தான்."

யோருன் குழந்தையைத் தொட்டிலில் போட்டாள். "ஏடு மிச்சம் இருக்காம்மா?"

"எதுக்கு?"

"இருக்கா இல்லையா?"

"ஒரு சட்டிக்கு வரும். ஏய், அவகிட்டப் போகாதே. தூக்கை நான் எடுத்துட்டுப் போய் படியில வெச்சுட்டு ஓடி வந்துடறேன். நான் கிழவி, என்னை என்ன சொன்னா என்ன. உன்னை அங்க வெச்சு மறுபடியும்…"

"மறுபடியும் கத்தரிக்க முடி இன்னும் வளரலைம்மா," என்றாள் யோருன். அவள் வாயிலிருந்து வந்த கேலிப்பேச்சைக் கேட்டு எத்தனையோ மாதமாகியிருந்தது. இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை அவளே அடுப்பில் நின்றாள். குன்வோர் பக்கத்தில் போனால் முழங்கையால் தள்ளினாள். மாலெனின் தூக்கில், வெண்ணெயும் சர்க்கரையும் தடவி மடித்த மெல்லிய ரொட்டிகளை அடுக்கினாள். சொந்த வீட்டுத் தூக்கை, சிவப்புப் பூ வரைந்ததை, எடுத்து அதில் கூழை ஊற்றினாள்.

"பால் மேடையில எல்லாரும் நிக்கற நேரம்டி. லாரி போகட்டும், அப்புறம் போ."

"லாரி போனப்புறம் போனா அது திருட்டுத்தனம்."

குழந்தையை எடுத்துக்கொண்டு ஜன்னலோர பெஞ்சுக்குப் போனாள். ஹால்வர் வலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அப்பா, பிடிங்க."

அவர் அசையவில்லை.

"எனக்கு ரெண்டு கையிலயும் தூக்கு. அம்மா நிக்கவே முடியாம நடுங்கறாங்க. பிடிங்கப்பா."

குழந்தையை வலைமேல், அவர் மடியில் வைத்துவிட்டாள். அவர் கைகள் தானாக மேலே வந்தன.

மேடையில் பெர்கித் முதலில் பார்த்தாள். பேச்சு நின்றது. யோருன் இரண்டு தூக்குகளோடு அவர்களைக் கடந்து மாலெனின் படியேறினாள். தட்டக் கை இல்லாததால் கட்டைக் காலணியால் கதவின் அடியைத் தட்டினாள்.

மாலென் கதவைத் திறந்தாள். வாசல் நடுவில், இடம் விடாமல் நின்றாள்.

"மாலென் அத்தை, உங்க தூக்கைக் கொண்டு வந்திருக்கேன். எங்க பாட்டி சாவுக்கு நீங்க கொண்டு வந்தது. திருப்பித் தர ரொம்ப நாளாயிடுச்சு."

மாலென் எதையோ சொல்லத் திறந்த வாயை மூடினாள். அவள் ஆயத்தமாக வைத்திருந்த பேச்சு இதற்குப் பொருந்தவில்லை.

"பாட்டி சாவுக்கு," என்றாள்.

"ஆமா. பிள்ளைக்கு எந்த வீட்டுலேருந்தும் வரலை. அது எனக்குத் தெரியும்."

கீழே மேடையில் யாரோ இருமினார்கள்.

"அந்த இன்னொண்ணு?"

"கூழ்."

"என் வீட்டுல யாரு பிள்ளை பெத்திருக்கா?"

"சீவெர்ட்டுக்கு."

மாலெனின் முகம் வெளுத்தது. "அவன் பேரை உன் வாயால சொல்லாதே."

"இனி சொல்லலை."

"அவனைக் கொன்னவங்ககூடப் படுத்துட்டு, என் படியில வந்து நின்னு…" குரல் உடைந்தது. பிறகு தாழ்ந்தது. "மன்னிப்புக் கேக்க வந்தியா? கூழைக் கொடுத்து வாங்கிட்டுப் போகலாம்னு பார்த்தியா?"

"இல்லை. அதைக் கேக்க எனக்கு வாய் இல்லை." பாரம் தாங்காமல் யோருன் தூக்குகளை இடுப்பில் சாய்த்துப் பிடித்தாள். பிரசவித்த உடம்பு. "ஒரு சாவுக்குக் கூழ் போகலை. வட்டத்துல எங்க வீடும் ஒண்ணு. இது எங்க வீட்டுது. அவ்வளவுதான்."

"மாலென், அவ என்னத்தைக் கொடுக்கறா?" என்று கீழேயிருந்து பெர்கித் கத்தினாள்.

மாலென் திரும்பிப் பார்க்கவில்லை. நீலப் பூத் தூக்கை வெடுக்கென்று பிடுங்கி உள்ளே வைத்தாள். சிவப்புப் பூத் தூக்கு யோருனின் கையிலேயே தொங்கியது. மூடி இடுக்கிலிருந்து ஆவி வந்தது.

"அடி பிடிச்சிருக்கு," என்றாள் மாலென்.

"எங்க சட்டியில அப்படித்தான் வரும்."

"உங்க அம்மாகிட்ட நான் சொல்லாத நாளில்லை, அந்தச் சட்டியைத் தூக்கிப் போடுன்னு. சீவெர்ட் மட்டும் அதுதான் நல்லா இருக்குன்னு சொல்லுவான். கிறுக்குப் பய." சொல்லிவிட்டு, சொன்னதற்காகத் தன்மேலேயே கோபப்பட்டவள்போல் உதட்டைக் கடித்தாள்.

யோருன் தூக்கை நீட்டிக்கொண்டே நின்றாள். தலைக்குட்டை நழுவிப் பின்னால் விழுந்தது. எடுத்துக் கட்டக் கை இல்லை. குட்டை முடி காற்றில் நின்றது. மேடையிலிருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். மாலெனும் பார்த்தாள். அன்று அந்தத் தலையில் ஓடிய கத்தரி மாலென் வீட்டுக் கொட்டகையிலிருந்து எடுத்தது.

உப்பில் வெடித்த கைகள் தூக்கின் பிடியைப் பற்றின.

"போ."

"அத்தை…"

"போன்னு சொன்னேன்ல. அந்தப் பிள்ளையைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை பேசாதே. நல்லா இருக்கானா, இல்லையா, எனக்கு வேணாம்."

கதவு மூடிக்கொண்டது.

யோருன் படியிலிருந்து குட்டையை எடுத்து உதறினாள், ஆனால் கட்டிக்கொள்ளவில்லை. மேடையைக் கடக்கும்போது பெர்கித் கேட்டாள்: "மாலென் வாங்கிக்கிட்டாளா?"

"கண்ணு இருக்குல்ல பெர்கித் அக்கா? பார்த்துட்டுத்தானே நிக்கறீங்க."

வீட்டு வாசலிலேயே குன்வோர் நின்றிருந்தாள். "என்னடி ஆச்சு? திட்டினாளா?"

"திட்டினாங்க."

"கூழைக் கொட்டிட்டாளா?"

"தெரியலை. கதவைச் சாத்திட்டாங்க."

"உள்ள கூப்பிட்டாளா? பிள்ளையைப் பத்தி ஏதாவது…"

"இல்லம்மா."

குன்வோரின் தோள் தொய்ந்தது. பிறகுதான் மகளின் கைகளைக் கவனித்தாள். "நம்ம தூக்கு எங்கடி?"

"அங்கதான் இருக்கு."

"அங்கேயா விட்டுட்டு வந்தே! அது உன் பாட்டிக்கு அவ அம்மா கொடுத்ததுடி! அவ இருக்கற கோவத்துல அடுப்புல போட்டுக் கொளுத்திடுவா. இல்லாட்டி வெறும் தூக்கைக் கொண்டு வந்து நம்ம மூஞ்சியில எறிவா."

"எறியட்டும்மா," என்றாள் யோருன். "எறியறதுக்காவது நம்ம வாசலுக்கு வரணும்ல."

பெஞ்சிலிருந்து ஹால்வர், "கதவைச் சாத்துங்க, குளிருது," என்றார். குழந்தை அவர் மடியில் வலையோடு சுருண்டு கிடந்தது. கைகளை எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியாமல், காலையில் வைத்தபடியே வைத்திருந்தார். "இப்பதான் தூங்கினான்."

குன்வோர் கதவைச் சாத்தப் போனாள். சாத்தவில்லை. சாலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.